பந்தாட்டக்காரர் வால்டர் டல்

1914-ஆம் வருஷத்தில் ஐரோப்பிய மகாயுத்தம் மூண்டபோது, பிரிட்டிஷ் ராணுவத்தில் ஆபீஸர் பதவி கோரியவர்கள் ஒரு விண்ணப்பத் தாளைப் பூர்த்தி செய்ய வேண்டியிருந்தது. பிறந்த தேதி என்ன, எந்தப் பள்ளிக்கூடத்தில் வாசித்தார், குதிரை ஏறத் தெரியுமா என்ற கேள்விகளோடு மற்றொரு கேள்வியும் அதில் அச்சிடப்பட்டிருந்தது. விண்ணப்பதாரர் கலப்பற்ற ஐரோப்பிய வம்சத்தவர்தாமா என்பதே அது. ஆம் என்று எழுத முடியாதவருக்கு விதிப்படி ஆபீஸர் பதவி இல்லை. சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து குண்டடிபட்டுச் சாவதற்குச் சட்டத்தில் தடை எதுவும் கிடையாது.

இந்த விதி அமுலில் இருந்தபோதே, 1917-ஆம் வருஷம் மே மாதக் கடைசியில், மேற்கிந்தியத் தீவு ஒன்றில் அடிமையாயிருந்தவரின் பேரர் ஒருவர் பிரிட்டிஷ் காலாட்படையில் இரண்டாம் லெப்டினெண்டாக நியமனம் பெற்றார். அவர் பெயர் வால்டர் டல். யுத்தத்துக்கு முன் அவர் இங்கிலாந்தில் பெயர் பெற்ற தொழில்முறைக் கால்பந்தாட்டக்காரர். நியமனம் பெற்ற பத்து மாதங்களுக்குள் பிரான்ஸ் தேசத்துப் போர்க்களத்தில் மாண்டார். விதியை ரத்து செய்துவிட்டு அவருக்குப் பதவி கொடுத்தார்களா என்றால் அதுவும் இல்லை. விதி அப்படியே இருந்தது, பதவியும் கொடுக்கப்பட்டது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி நின்ற விந்தையே அவருடைய வாழ்க்கையில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

இங்கிலாந்தின் தென்கிழக்குக் கோடியில், கெண்ட் ஜில்லாவில், ஃபோக்ஸ்டன் என்ற துறைமுகப் பட்டணத்தில் 1888-ஆம் வருஷம் ஏப்ரல் 28-ந் தேதி வால்டர் பிறந்தார். தந்தை டேனியல் டல் பார்படோஸ் தீவைச் சேர்ந்த தச்சர். அத்தீவு கரும்புத் தோட்டங்களுக்கும், அத்தோட்டங்களில் மாடுகளைப் போல் உழைத்து மடிந்த ஆப்பிரிக்க அடிமைகளுக்கும் பேர்போனது. பிரிட்டிஷார் 1834-ல் அடிமை முறையை ஒழித்தார்கள் என்று சரித்திரப் புத்தகங்களில் பெருமையாக எழுதப்பட்டிருக்கிறது. தொழில் பழகும் காலம் என்ற புதுப் பெயரோடு 1838 வரையில் அது நீடித்ததும், நஷ்ட ஈடாகச் சர்க்கார் ஒதுக்கிய 2 கோடி பவுன் அடிமைகளுக்குப் போகாமல் அவர்களை உடைமையாக வைத்திருந்த எஜமானர்களுக்கே போனதும் அவ்வளவு உரத்துச் சொல்லப்படுவதில்லை. அந்த அடிமைக் குடும்பத்தில் வந்த டேனியல், கையில் உளியோடும் மனத்தில் துணிவோடும் கடல் கடந்து 1876-ல் ஃபோக்ஸ்டன் வந்து சேர்ந்தார். தச்சு வேலை கிடைத்தது. ஆலிஸ் பாமர் என்ற கெண்ட் ஜில்லாப் பெண்ணை மணந்துகொண்டார். குழந்தைகள் பலர் பிறந்தனர்.

வால்டருக்கு ஏழு வயதானபோது, 1895-ல், தாயார் புற்றுநோயால் காலமானார். சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு தவித்த டேனியல், மனைவியின் ஒன்றுவிட்ட சகோதரியான கிளாராவை மறுமணம் செய்துகொண்டார். ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்குள் இருதய நோய் டேனியலையும் கொண்டுபோய்விட்டது. அது நடந்தது 1897 டிசம்பரில். கிளாராவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கைக்குழந்தை ஒன்று, மூத்த தாரத்தின் குழந்தைகள் பலர், சம்பாதிப்பவர் இல்லை. சிற்றன்னைமாரைப் பற்றிப் பழிச்சொல் கூறுவது உலக வழக்கமாயினும், இந்த அம்மாளை அவ்விதம் குற்றஞ்சொல்ல நமக்கு மனம் வரவில்லை. முடிந்தவரை தாங்கிப் பார்த்துவிட்டு, வால்டரையும் அவருடைய அண்ணன் எட்வர்டையும் லண்டனில் பெத்னல் கிரீன் பகுதியில் மெதாடிஸ்ட் சபையார் நடத்திவந்த அநாதை விடுதிக்கு அனுப்பினார். அப்பொழுது வால்டருக்கு வயது ஒன்பது.

அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்திருந்த காலமும் இரண்டே வருஷம்தான். விடுதிக்குப் பணம் திரட்டுவதற்காக அதன் பாடகர் குழு ஊர் ஊராகச் சென்று பாடுவது வழக்கம். எட்வர்டுக்கு நல்ல குரல். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தைச் சேர்ந்த வார்னக் தம்பதிகள் அவரை விரும்பி 1900-ல் ஸ்வீகாரம் எடுத்துக்கொண்டார்கள். எட்வர்ட் அங்கே படித்து 1912-ல் பல் வைத்தியராகத் தேறினார். பிரிட்டனில் பட்டம் பெற்ற முதல் கறுப்புப் பல் வைத்தியர் அவரே என்று கருதப்படுகிறது. தம்பி மட்டும் லண்டன் விடுதியிலேயே தனித்து நின்றார். தூரத்தில் இருந்தும் சகோதரர்களின் பாசம் குறையவில்லை என்பதற்குப் பிற்கால நிகழ்ச்சிகள் சாட்சியாக இருக்கின்றன.

விடுதியில் வால்டர் அச்சுத் தொழில் பழகினார். மாலை வேளைகளில் பந்தாட்டம். அநாதை விடுதிப் பிள்ளைகளின் கோஷ்டியில் ஆடிக்கொண்டிருந்த அவரை 1908-ல் கிளாப்டன் என்ற லண்டன் சங்கம் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. சம்பளம் வாங்காமல் ஆடும் சங்கங்களில் அது முன்னணியில் நின்றது. வால்டர் சேர்ந்த முதல் பருவத்திலேயே, அதாவது 1908-09-ல், அமெச்சூர் சங்கங்களுக்குரிய இங்கிலாந்துக் கோப்பை, லண்டன் ஸீனியர் கோப்பை, லண்டன் அமெச்சூர் கோப்பை ஆகிய மூன்றையும் கிளாப்டன் வென்றது. அந்த வருஷத்தில் கண்டெடுக்கப்பட்ட ஆட்டக்காரர்களுள் இவரே தலைசிறந்தவர் என்று பந்தாட்டப் பத்திரிகை ஒன்று புகழ்ந்தது.

உடனே டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் சங்கத்தார் அவரை அழைத்தார்கள். இங்கிலாந்தில் கால்பந்தாட்டம் எப்படிப்பட்ட தொழில் என்பதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். சனிக்கிழமைதோறும் பதினாயிரக் கணக்கான தொழிலாளர்கள் காசு கொடுத்து மைதானத்தில் கூடுவார்கள். சங்கங்களுக்கு வருமானம் ஏராளம். ஆட்டக்காரருக்கோ வாரத்துக்கு 4 பவுனுக்கு மேல் சம்பளம் கொடுக்கலாகாதென்றும், புதிதாகச் சேர்பவருக்கு 10 பவுனுக்கு மேல் இனாம் தரலாகாதென்றும் பந்தாட்ட சபையார் சட்டம் செய்திருந்தனர். ஒரு சங்கத்தில் கையெழுத்திட்டவர் அதன் சம்மதமின்றி வேறு சங்கத்துக்குப் போக முடியாது. ஆயினும் அச்சுக்கூடத்துச் சிற்றாளுக்கு இது பெரும் பாக்கியமே. 1909 கோடையில் சங்கத்தோடு கப்பலேறி அர்ஜண்டைனாவுக்கும் உருகுவேக்கும் சென்று ஆடித் திரும்பினார். திரும்பியவுடன் 10 பவுன் இனாமுடன் தொழில்முறை ஆட்டக்காரராகக் கையெழுத்திட்டார்.

டாட்டன்ஹாம் அப்போதுதான் முதல் டிவிஷனுக்கு உயர்ந்திருந்தது. 1909 ஸெப்டம்பரில், அந்த வருஷத்து இங்கிலாந்துக் கோப்பையை வென்றிருந்த மான்செஸ்டர் யுனைடெட் சங்கத்தை எதிர்த்து, சொந்த மைதானத்தில் 30,000 பேருக்கு மேற்பட்ட ஜனங்களின் முன்னிலையில் வால்டர் ஆடினார். அவர் விரைந்தோடும் ஆட்டக்காரர் அல்லர். பந்தை அடக்கி, எதிரியின் அசைவை ஊகித்து, தக்க சமயத்தில் தக்க தோழருக்குத் தள்ளிக் கொடுப்பதே அவருடைய திறமை. பத்திரிகைகள் பாராட்டின.

அடுத்த மாதத்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஆட்டம் நடந்தது. பிரிஸ்டலுக்கும் அடிமை வியாபாரத்துக்கும் உள்ள சம்பந்தம் உலகமறிந்தது. அந்நகரத்துக் கப்பல்கள் ஆப்பிரிக்கர்களை ஏற்றிச் சென்ற தீவுகளுள் பார்படோஸும் ஒன்று. அன்று மைதானத்தில் கூடியிருந்தவர்களில் ஒரு கூட்டத்தார் ஆட்டம் முழுவதும் வால்டரை அவருடைய நிறத்தைச் சொல்லி வசைமாரி பொழிந்தார்கள். மீன் கடைத் தெருவிலும் கேட்கத் தகாத வார்த்தைகள் அவை என்று ஆட்டத்தைப் பார்த்த நிருபர் ஒருவர் எழுதினார். வால்டர் ஒரு வார்த்தைகூடத் திருப்பிச் சொல்லவில்லை, ஆட்டத்திலும் தளரவில்லை. மனத்தூய்மையிலும் ஆட்டமுறையிலும் வெள்ளை ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் அவர் முன்மாதிரி என்று அதே நிருபர் முடித்தார். நல்லெண்ணத்தோடு எழுதியதுதான். ஆயினும் வெள்ளையருக்கு முன்மாதிரி என்பதே கறுப்பருக்குக் கொடுக்கத்தக்க உச்சப் புகழ்ச்சி என்று அந்த நல்லவருக்கும் தோன்றியதைக் கவனியுங்கள்.

அதற்குப் பிறகு டாட்டன்ஹாம் முதல் கோஷ்டியில் வால்டரைக் காண்பது அரிதாயிற்று. மொத்தம் பத்து லீக் ஆட்டங்களே ஆடினார். இரண்டு கோல் போட்டார். பிறகு அவரை இரண்டாம் கோஷ்டியில் கிடத்திவிட்டார்கள். ஏன் என்று சங்கத்தார் சொல்லவில்லை. ஆட்டத்தில் குறை கண்டார்களா, ஜனங்களின் கூச்சலுக்கு அஞ்சினார்களா என்பதற்கு எழுத்து மூலமான சாட்சியம் இல்லை. நம்முடைய அபிப்பிராயத்தில், வசவு கேட்டவரை மறைத்துவைப்பது வசவு சொன்னவரைத் தடுப்பதைவிடச் சுலபம்; சங்கங்களும் சர்க்கார்களும் சுலபமான வழியையே விரும்புவது வழக்கம். வால்டருக்கு முன்பு இங்கிலாந்தில் தொழில்முறையாக ஆடிய கறுப்பர்களுள் ஆர்தர் வார்ட்டன் முக்கியமானவர், ஆப்பிரிக்காவில் அக்ரா நகரில் பிறந்தவர், கோல்காவலர், 100 கஜ ஓட்டத்தில் சாம்பியனாக வந்தவர். அவர் கடைசியில் நிலக்கரிச் சுரங்கத்தில் கூலி வேலை செய்து 1930-ல் ஏழையாக இறந்தார். அவருடைய சமாதிக்கு ஒரு கல் நாட்ட 1997 வரையில் யாருக்கும் தோன்றவில்லை.

வால்டரின் அதிர்ஷ்டம், வேறொருவர் கண்ணில் அவர் பட்டார். நார்தாம்டன் நகரச் சங்கத்தின் மானேஜர் ஹெர்பர்ட் சாப்மன், தாமே முன்னர் டாட்டன்ஹாமில் ஆடியவர்; பிற்காலத்தில் ஹடர்ஸ்ஃபீல்ட், ஆர்ஸனல் சங்கங்களை இங்கிலாந்தின் சிகரத்துக்குக் கொண்டுசென்று பந்தாட்ட நிபுணர்களுள் தலைவராக மதிக்கப்பட்டவர். அவர் 1911-ல் வால்டரை நார்தாம்டனுக்கு அழைத்துக்கொண்டார். அது ஸதர்ன் லீகில் ஆடும் சங்கம். பழைய கௌரவத்துக்கு ஒரு படி குறைவுதான். ஆயினும் அங்கே வால்டர் மலர்ந்தார். முன்னணியில் ஆடிக்கொண்டிருந்தவரை நடுவரிசைக்குக் கொண்டுவந்ததும் அவருடைய திறமை முழுவதும் வெளிப்பட்டது. மூன்று வருஷங்களில் 110 ஆட்டங்களுக்கு மேல் ஆடினார். ஊர் ஜனங்கள் அவரைத் தங்கள் பிள்ளையாகவே பாவித்தார்கள். வயது இருபத்தாறு. நல்ல சம்பளம், நல்ல பெயர். அப்போது யுத்தம் வந்தது.

1914 ஆகஸ்டில் யுத்தம் ஆரம்பமான பிறகும் கால்பந்தாட்டப் பருவம் நிறுத்தப்படவில்லை. தேசம் ஆபத்திலிருக்கையில் திடகாத்திரமான வாலிபர்கள் சம்பளத்துக்குப் பந்து உதைக்கிறார்களே என்று பெரிய பத்திரிகைகள் தூற்றின. பிரபுக்களின் குதிரைப் பந்தயங்களும் நடந்துகொண்டுதான் இருந்தன. ஏச்சு அதிகமாக விழுந்தது தொழிலாளர்களின் விளையாட்டின் மேல். டிசம்பர் 15-ந் தேதி லண்டனில் ஃபுல்ஹாம் நகர மண்டபத்தில் கூட்டம் கூடி, பந்தாட்டக்காரர்களுக்கென்றே ஒரு பட்டாளம் திரட்டத் தீர்மானித்தார்கள். மிடில்ஸெக்ஸ் ரெஜிமெண்டின் 17-வது பட்டாளம் அது. சனிக்கிழமைகளில் ஆட்டத்துக்குப் போக அனுமதி உண்டு என்று வாக்களித்தும், 1915 மார்ச் வரையில் சேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்கள் 122 பேரே. நார்தாம்டன் சங்கத்திலிருந்து முதலில் சேர்ந்தவர் வால்டர் டல். கூட்டம் நடந்த மாதம் முடிவதற்குள் அவர் கையெழுத்திட்டுவிட்டார். கட்டாய ராணுவ சேவைச் சட்டம் அப்போது கிடையாது. அது 1916-ல்தான் வந்தது. யாரும் அவரை இழுத்துச் செல்லவில்லை.

அவர் ஏன் சென்றார்? தேசபக்தி என்பார் சிலர். பிறந்த நாட்டில் தாமும் சமமான பிரஜை என்று ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்க விரும்பினார் என்பார் சிலர். அவருடைய மனத்தில் இருந்ததை நாம் அறிந்தாற்போல் எழுதுவது தகாது. நடந்ததைச் சொல்வோம். 1915 நவம்பரில் பட்டாளம் பிரான்ஸ் சென்றது. அதற்குள் வால்டர் ஸார்ஜெண்ட் நிலைக்கு உயர்ந்திருந்தார். பந்தாட்டக் கோஷ்டியில் எல்லாருடனும் ஒத்துப் பழகிய மனிதருக்குச் சிப்பாய்களை நடத்திச் செல்வது கடினமாக இல்லை.

ஆனால் அந்த யுத்தம் பழைய யுத்தங்களைப் போன்றதன்று. முழங்கால் ஆழச் சேற்றில், எலிகளோடும் பிணங்களோடும், தலைக்கு மேல் இரவு பகலாகப் பீரங்கிக் குண்டுகள் வெடிக்க, அகழிகளில் மாதக்கணக்கில் கிடக்கவேண்டும். எத்தகைய வீரனின் நரம்பும் ஒரு நாள் அறுந்துபோகும். 1916 மே மாதத்தில் வால்டரின் நரம்பும் அறுந்தது. கடுமையான சித்தப்பிரமை என்று டாக்டர்கள் குறித்து அவரை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். வீரர்களின் சரித்திரம் எழுதுகிறவர்கள் இத்தகைய சமாசாரங்களை மறைத்துவிடுவது வழக்கம். மறைப்பதற்கு இதில் என்ன இருக்கிறது? அந்த நரகத்தைக் கண்டு கலங்கியவர், அந்த நரகம் இன்னதென்று நன்றாக அறிந்த பிறகு, அதே வருஷம் ஸெப்டம்பரில் மறுபடியும் அதற்குள் சென்றார். முதல் முறை சென்றபோது இல்லாத துணிவு இரண்டாம் முறைக்கு வேண்டும். இம்முறை பந்தாட்டக்காரர்களின் இரண்டாவது பட்டாளமாகிய 23-வது மிடில்ஸெக்ஸில் சேர்ந்து ஸோம் நதிப் போராட்டத்தின் பிற்பகுதியில் ஈடுபட்டார். டிசம்பரில் அகழிக் காய்ச்சல் கண்டு மீண்டும் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டார்.

இந்தச் சமயத்தில்தான் அந்த விந்தை நிகழ்ந்தது. உடல் தேறியதும் வால்டரை ஸ்காட்லாந்தில் கெய்ல்ஸ் என்ற இடத்திலிருந்த ஆபீஸர் பயிற்சிப் பட்டாளத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பயிற்சி முடித்து 1917 மே மாதக் கடைசியில் இரண்டாம் லெப்டினெண்டானார். சர்க்காரின் மனம் திடீரென்று விசாலமடைந்துவிட்டதா? காரணம் வேறு. பெரிய பள்ளிக்கூடங்களில் வாசித்த செல்வர் வீட்டுப் பிள்ளைகளே யுத்த ஆரம்பத்தில் ஆபீஸர்களாயிருந்தனர். முன்னால் நின்று வழிநடத்திச் செல்லும் இளம் ஆபீஸர்கள் சிப்பாய்களைவிட வேகமாகச் செத்து விழுந்தார்கள். ஆகவே 1916 பிப்ரவரியில் புது ஏற்பாடு வந்தது: களத்தில் அனுபவம் பெற்ற சிப்பாய்களிலிருந்தே தகுதியுள்ளவர்களைப் பொறுக்கி, சில மாதப் பயிற்சி கொடுத்து, யுத்தம் முடியும்வரை தற்காலிக ஆபீஸர்களாக்குவது. தேவை மிகுந்தபோது மேலதிகாரிகள் சிபார்சு செய்தார்கள். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். விதிப் புத்தகத்தில் ஒரு வரியும் மாறவில்லை.

பிரிட்டிஷ் ராணுவத்தில் ஆபீஸரான முதல் கறுப்பர் வால்டரே என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். அது சரியன்று. ஜமெய்க்காவில் பிறந்த ஜார்ஜ் பெமண்ட் என்ற மாணவர் 1915-லேயே பீரங்கிப் படையில் ஆபீஸராகி 1916 டிசம்பரில் மாண்டார் என்பது பிற்கால ஆராய்ச்சியில் வெளிவந்தது. கலப்பற்ற ஐரோப்பிய வம்சமா என்ற கேள்விக்கு அவர் ஆம் என்று விடை எழுதியிருந்தார். தாய் பெயரையும் பாட்டி பெயரையும் மறைத்தால்தான் உயிரைக் கொடுக்கலாம் என்ற நிலையில் ஒரு வாலிபரை நிறுத்திய சட்டத்தை என்னவென்று சொல்வது! நம் நாட்டவருக்கும் இந்த அநுபவம் புதிதன்று. 1914-லும் 1915-லும் பிரான்ஸ் களத்தில் இந்தியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தபோது, முப்பது வருஷம் சேவை செய்த சுபேதாரும் நேற்று வந்த வெள்ளைச் சிறுவனுக்குக் கீழ்ப்பட்டவரே. அரசரின் பூரணக் கமிஷன் ஒன்பது இந்தியர்களுக்குக் கொடுக்கப்பட்டது 1917 ஆகஸ்டில்தான். வால்டர் ஆபீஸராகி மூன்று மாதம் கழித்து.

1917 அக்டோபரில் கப்போரெட்டோ என்னுமிடத்தில் இத்தாலியப் படைகள் சிதறி ஓடின. அவர்களுக்கு உதவியாக அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் டிவிஷன்களுள் 41-வது டிவிஷனும் ஒன்று. 23-வது மிடில்ஸெக்ஸ் அதைச் சேர்ந்தது. பியாவே நதி இரு தரப்புக்கும் எல்லை. ஆல்ப்ஸ் மலைப் பனி கரைந்து வரும் வேகமான நீர். 1918 ஜனவரி ஆரம்பத்தில் ஓர் இரவு, வால்டர் 26 பேரை அழைத்துக்கொண்டு உறைபனிக் குளிரில் அந்நதியைக் கடந்து, எதிரிகளின் கரையைச் சோதித்துவிட்டு, எதிரிகள் சுட்டுக்கொண்டிருக்கையில் ஒருவரையும் இழக்காமல் அத்தனை பேரையும் திருப்பிக் கொண்டுவந்தார். அந்த 26 பேரும் வெள்ளையர்கள் என்பதையும், கறுப்பரின் கட்டளைக்கு வெள்ளைச் சிப்பாய் கீழ்ப்படியமாட்டான் என்பதே அவ்விதிக்குச் சொல்லப்பட்ட நியாயம் என்பதையும் நேயர்கள் மறக்கவேண்டாம். டிவிஷன் தலைவரான மேஜர் ஜெனரல் ஸிட்னி லாஃபர்ட் அவருடைய தீரத்தையும் நிதானத்தையும் குறிப்பிட்டுப் பாராட்டினார்.

மார்ச் மாதத்தில் டிவிஷன் பிரான்ஸுக்குத் திரும்பியது. ருஷ்யாவுடன் சமாதானம் செய்துகொண்டதால் கிழக்கேயிருந்து வந்து குவிந்த படைகளோடு, மார்ச் 21-ந் தேதி விடியற்காலை மூடுபனியில் ஜெர்மானியர் பெருந்தாக்குதலைத் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் அணிகள் மைல் கணக்கில் பின்வாங்கின. 25-ந் தேதி பாபோம் நகருக்கருகே ஃபாவ்ரய் கிராமத்துப் பக்கம் பின்வாங்கிக்கொண்டிருந்த பட்டாளத்தில் வால்டர் இருந்தார். இயந்திரத் துப்பாக்கிக் குண்டு அவர்மேல் பாய்ந்தது. முப்பது வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. அவருடைய சிப்பாய்களில் சிலர், சுற்றிலும் குண்டு பறக்க, அவரைத் தூக்கிக்கொண்டுவர முயன்றார்கள். எதிரி நெருங்கிவிட்டதால் முடியவில்லை. ஓர் ஆபீஸரின் உயிரற்ற உடலுக்காகச் சிப்பாய்கள் தம் உயிரைப் பணயம் வைக்கும்படி எந்த ராணுவ விதியும் கட்டாயப்படுத்துவதில்லை. உடல் பிறகு அடையாளம் காணப்படவேயில்லை.

கிளாஸ்கோவிலிருந்த எட்வர்டுக்குப் பட்டாளத்து ஆபீஸர்கள் அனுதாபக் கடிதங்கள் எழுதினார்கள். சிப்பாய்கள் தம்பியை எவ்வளவு நேசித்தார்கள் என்று அவற்றில் கண்டிருந்தது. அவருக்கு மிலிட்டரி கிராஸ் பதக்கம் அளிக்கும்படி சிபார்சு செய்யப்பட்டிருந்தது என்றும், அதற்கு அவர் முற்றிலும் உரியவர் என்றும் உடன் ஆபீஸர் ஒருவர் எழுதினார். பதக்கம் வரவேயில்லை. யுத்தத்தில் சேவை செய்த அனைவருக்கும் பொதுவான பதக்கங்கள் மட்டுமே கிடைத்தன. இதைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்லவேண்டும்: சிபார்சு செய்யப்பட்டவர்கள் எல்லாருக்கும் பதக்கம் கிடைத்ததில்லை, வெள்ளையரிலும் பலர் ஏமாந்தார்கள். சிபார்சுக் காகிதமும் கிடைக்கவில்லை. அந்த யுத்தத்தைச் சேர்ந்த அத்தகைய காகிதங்களில் பெரும்பாலானவை அழிந்துபோயின. ஆனால் பதக்கம் கொடுத்தால் அரசாங்க கெஜட்டில் பிரசுரமாகும். ஜனங்களின் கவனம் திரும்பும். விதிக்கு விரோதமாக இவர் எப்படி ஆபீஸரானார் என்று எவராவது கேட்பார். கண்ணை மூடிக்கொண்டிருந்தவர்கள் அப்போது கண்ணைத் திறக்க நேரிடும். இதுவே காரணம் என்று அவருடைய சரித்திரத்தை ஆராய்ந்தவர்களில் சிலர் ஊகிக்கிறார்கள். ஊகமே எனினும் புறக்கணிக்கத்தக்கதன்று.

யுத்தம் 1918 நவம்பரில் முடிந்தது. அடுத்த வருஷமே லிவர்பூல், கார்டிஃப் முதலிய துறைமுக நகரங்களில் வெள்ளைக் கூட்டத்தார் கறுப்பு மாலுமிகளையும் போரிலிருந்து திரும்பியவர்களையும் வீடு புகுந்து தாக்கினார்கள். லிவர்பூலில் சார்லஸ் வூட்டன் என்ற மேற்கிந்தியர் துரத்தப்பட்டுத் துறைமுக நீரில் மூழ்கி இறந்தார். டல் குடும்பத்தின் மூத்த பிள்ளை வில்லியமும் ராணுவத்தில் சேவை செய்து 1920-ல் காலமானார். கலப்பற்ற ஐரோப்பிய வம்சம் என்ற நிபந்தனை சமாதான காலத்தில் மறுபடியும் அழுத்தமாக நிலைநின்றது. 1939-ல் இரண்டாவது மகாயுத்தம் வந்து மறுபடியும் ஆள் தேவைப்பட்டபோதுதான் அது தளர்த்தப்பட்டது. அதுவும் முதலில் யுத்த காலத்துக்கு மட்டும்.

வால்டரை ஏறக்குறைய எண்பது வருஷம் உலகம் மறந்திருந்தது. ஃபில் வாஸிலி என்ற சரித்திராசிரியர் பழைய தஸ்தாவேஜுகளைத் தேடி அவருடைய கதையை வெளிக்கொணர்ந்தார். நார்தாம்டன் சங்கத்தார் 1999-ல் தங்கள் மைதானத்தருகே ஞாபகச் சின்னம் எழுப்பினார்கள். மைதானத்துக்குச் செல்லும் பாதைக்கும் அவர் பெயரை இட்டார்கள். யுத்தத்தின் நூற்றாண்டையொட்டி ராஜாங்க நாணயசாலையார் அவருடைய உருவம் பொறித்த 5 பவுன் நாணயம் வெளியிட்டனர். 2018-ல் தபால் முத்திரையும் வெளிவந்தது. அதே வருஷத்தில், அவர் இறந்து நூறாண்டு நிறைந்த சமயத்தில், மிலிட்டரி கிராஸை இப்போதாவது வழங்கவேண்டுமென்று பார்லிமெண்ட் அங்கத்தினர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் சேர்ந்து பிரதம மந்திரிக்கு எழுதினார்கள். அதற்கு முன்னரும் பலமுறை கேட்கப்பட்டதுதான். ஆதாரமில்லை, முன்வழக்கமில்லை என்பதே ராணுவ இலாகா சொல்லிவந்த பதில். நாணயத்தில் முகத்தைப் பொறிப்பதற்குச் சிபார்சுக் காகிதம் யாரும் கேட்கவில்லை போலும்.

பிரான்ஸில் அர்ராஸ் நகரில், சமாதியில்லாமல் மறைந்தவர்களுக்காக எழுப்பப்பட்ட நீண்ட சுவர் ஒன்று இருக்கிறது. சுமார் 35,000 பெயர்கள் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. மிடில்ஸெக்ஸ் ரெஜிமெண்டுக்குரிய இடத்தில், இரண்டாம் லெப்டினெண்டுகளின் வரிசையில், வால்டர் டல்லின் பெயரைக் காணலாம்.